ஹார்ன் அடிக்கிறதுக்கு முன்னாடி எந்த கார்னு பார்ப்பீங்களா?

சிக்னல்ல பச்சை விழுந்தாச்சு. முன்னாடி நிற்கிற கார் நகரவே இல்லை. அது பழைய மாருதி 800-ஆ இருந்தா கை தானா ஹார்னுக்குப் போகும். அதுவே பளபளன்னு ஒரு பென்ஸா இருந்தா? ‘சரி, போவார்’னு காத்திருப்போம்.

இதை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அந்தோணி டூப், ஆலன் கிராஸ் என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வு, 1968-ல் வெளியானது. பச்சை விழுந்த பிறகும் காரை வேண்டுமென்றே நகர்த்தாமல் நிற்பார்கள். சில நேரம் புத்தம்புது கிரைஸ்லர் இம்பீரியல், சில நேரம் பழைய டப்பா கார். டப்பா காருக்குப் பின்னால் நின்றவர்களில் 84 சதவிகிதம் பேர் ஹார்ன் அடித்தார்கள். இம்பீரியலுக்கு 50 சதவிகிதம்தான். பழைய காரின் பம்பரில் இடித்தவர்களும் உண்டு!

செம காமெடி என்னன்னா, ‘நீங்களா இருந்தா என்ன செய்வீங்க’ன்னு கல்லூரி மாணவர்கள்கிட்ட தனியா கேட்டிருக்காங்க. ‘பெரிய காருக்குத்தான் சீக்கிரம் அடிப்போம்’னு பசங்க கெத்தா சொன்னாங்களாம். ரோட்டுல நடந்தது நேரெதிர்.

இந்தப் பார்வை ஒரு காரையே கவிழ்க்கும். 2009-ல் விற்பனைக்கு வந்த டாடா நானோ, ‘உலகின் மலிவான கார்’ என்றே பேர் வாங்கியது. கார் வாங்குறதே நாலு பேர் பார்க்கத்தானே! மலிவு என்று முத்திரை குத்தியதைத் தங்கள் தவறாகவே பின்னாளில் சொன்னார் ரத்தன் டாடா.