தரங்கம்பாடிப் பள்ளிகள்

மயிலாடுதுறைக்குக் கிழக்கே, பொறையாற்றை அடுத்த கடற்கரையில், தரங்கம்பாடி என்னும் பழம்பட்டினம் இருக்கிறது. 1620 ஆம் ஆண்டில், தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் உடன்பாடு செய்துகொண்டு, டென்மார்க் நாட்டு வணிகர் அங்கே ஒரு கோட்டை கட்டினர். மிளகு வாங்க வந்தவர்கள் அவர்கள். தமிழ்க் குழந்தைகளுக்குப் பள்ளி வைக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. எண்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், 1706 ஜூலை 9 ஆம் நாள், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர் அங்கே கரையிறங்கினர். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளுட்சோ. சீகன்பால்குக்கு அப்பொழுது வயது இருபத்து நான்குக்கு மேல் இராது.

இருவரும் லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அத்திருச்சபைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. மார்ட்டின் லூதர் 1524 இல் ஜெர்மானிய நகரங்களின் ஆட்சியாளருக்கு எழுதிய வெளிப்படையான கடிதத்தில், பள்ளிகள் அமைப்பது உங்கள் கடமை என்று வற்புறுத்தினார். ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்றார். 1529 இல் அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூலோ, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிய முறையில் கற்பிக்கவேண்டியது என்ற குறிப்போடு வந்தது. வீடே முதற் பள்ளி என்பதும், வீட்டார் படிக்கத் தெரிந்தவராய் இருக்கவேண்டும் என்பதும் அதில் அடங்கியிருந்தன. வீட்டை நோக்கி எழுந்த இந்தக் கல்விமுறை தமிழ்நாட்டில் வீட்டைச் சென்றடைய எத்தனை காலம் பிடித்தது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

சீகன்பால்கு பயின்ற ஹாலே நகரில், பிராங்கே என்னும் பேராசிரியர் 1695 இல் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். அதனோடு அநாதை இல்லமும் வளர்ந்தது. பல்கலைக்கழகத்து ஏழை மாணவர்களுக்கு அவர் உணவளித்தார். அதற்கு ஈடாக அவர்கள் அப்பள்ளிகளில் பாடம் சொன்னார்கள். கற்பித்தலும் ஒரு தொழில், அதற்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அங்கே உருப்பெற்றது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருந்து வந்தவனாகிய எனக்கு இச்செய்தியில் சற்று அதிகமான பற்று உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலில் ஆசிரியராகவில்லை, மாணவராகவே அமர்ந்தார். ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திவந்த முதிய உபாத்தியாயர் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளியையே தம் இருப்பிடத்துக்கு மாற்றச் செய்தார். சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். ஓராண்டுக்குள் தமிழில் பேசவும் போதிக்கவும் தொடங்கிவிட்டார். தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து அவற்றுக்கு ஓர் அட்டவணை எழுதினார். சிறுவர்கள் பாடம் செய்யும் கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றையும் நீதிவெண்பாவையும் 1708 இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். ஹாலேயில் அவற்றை அச்சிட யாரும் முன்வரவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713 இல் எழுதி முடித்த பெருநூலும் 1867 இல்தான் சென்னையில் அச்சேறியது.

அந்த மணலைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. 1789 இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் அதனோடு இணைத்தார். 1797 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அம்முறை சென்னை முறை என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணையை மேனாட்டார் மதித்த அளவுக்கு நாம் மதித்தோமா என்று சில வேளை எண்ணத் தோன்றுகிறது.

1707 ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியில் மிஷன் பள்ளிகள் தொடங்கிவிட்டன. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்று, போர்ச்சுக்கீசிய மொழி பேசியவர்களின் பிள்ளைகளுக்கு ஒன்று; பெண்பிள்ளைகளுக்கும் தனியே பள்ளி ஏற்பட்டது. பெண்பிள்ளை ஏடு தொடுவதே அரிதாயிருந்த நாளில் அது சிறிய காரியம் அன்று. பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் இலவசம். ஹாலே இல்லத்தின் மாதிரியிலேயே, அவர்கள் பள்ளியிலேயே தங்கி, ஆசிரியரின் கண்முன் வளர்ந்தார்கள்.

இதில்தான் ஒரு சிக்கல் இருந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைக்கு அந்தப் பள்ளி வீடாயிற்று. ஆனால் பெற்றோர் உள்ள பிள்ளைக்கு? அவன் சோற்றுக்காகவே பள்ளிக்கு அனுப்பப்பட்டான். படித்து வெளிவரும்போது வேறு சமயத்தவனாய், தன் உறவினரோடு ஒருங்கு உண்ண இயலாதவனாய் இருந்தான். வீட்டாரைச் சென்றடையும் நோக்கத்தோடு எழுந்த கல்வி, பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதில் முடிந்தது. அதை நடத்தியவர்களின் அன்பை நான் ஐயுறவில்லை. அமைப்பின் இயல்பு அப்படி.

அந்தப் பிளவைத் தாண்டி மக்களிடம் சென்றவர் வெள்ளைக்காரக் குருமார் அல்லர், தமிழ் ஆசிரியர்களே. 1713 இல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் கப்பலில் வந்து சேர்ந்தன. 1715 இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாயிற்று. மறு ஆண்டில், ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்க ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. சீகன்பால்கு 1719 இல், முப்பத்தாறு வயதில் மறைந்தார். அவருக்குப் பின்னும் வேலை நின்றுவிடவில்லை. கடலூரில் பள்ளி ஆசிரியராயிருந்த சவரிமுத்துவின் தொடர்பால் திருச்சபைக்கு வந்த ஆரோன் என்பவர், தாமும் ஆசிரியராகி, உபதேசியாராகி, 1733 டிசம்பர் 28 இல் லுத்தரன் திருச்சபையின் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரை உருவாக்கிய வரிசை அது.

ஆயினும் சாதி அவ்வரிசையையும் தடுத்தது. ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்கள் இருந்தன. தஞ்சை அரசரின் படையில் வீரராயிருந்த இராஜநாயக்கன், அச்சிட்ட சுவிசேஷத்தைப் படித்து மனம் மாறியவர். தஞ்சைப் பகுதியில் முன்னின்று உழைத்த உபதேசியார். 1741 இல் இரண்டாம் தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெயர் பேசப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் கையால் மேல்சாதியார் நற்கருணை பெறமாட்டார்கள் என்று அஞ்சி, தியோகு என்பவரைத் தேர்ந்தார்கள். எல்லோரும் ஒரே தந்தையின் மக்கள் என்று கற்பித்த பள்ளிகளை நடத்தியவர்கள், தம் ஆலயத்துக்குள்ளேயே அப்பாடத்தை நடத்தத் தயங்கினார்கள். இதை மறைத்து வரலாறு சொல்வது முறையாகாது.

பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்காத பள்ளி வருவதற்கு ஒரு நூற்றாண்டு சென்றது. அதைக் கொணர்ந்தவர் 1771 இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்தோப் சாமுவேல் யோவான். நத்தை, சங்கு, மீன் ஆகியவற்றைத் திரட்டி ஆராய்ந்தவர்; அறிவு நாட்டம் மிக்கவர். ஒளவையாரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, ஒளவையின் நீதிநூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்போடு, கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஆய்வுத் தொகுதியில் வெளிவந்தது. பிள்ளைகள் வீட்டில் கேட்ட நூல்களை மதித்தவர், பிள்ளைகளின் வீட்டையும் மதித்தார் என்று நான் கருதுகிறேன்.

அப்பொழுது ஐரோப்பாவில் நெப்போலியன் போர். 1808 இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைப் பிடித்துக்கொண்டனர். டென்மார்க்கிலிருந்து வரும் பணம் தடைப்பட்டது. தங்கிப் படிக்கும் பள்ளிகளை நடத்துவதே பெரும்பாடாயிற்று. அந்த வறுமையிலேதான் யோவான், சுற்றுப்புற ஊர்களில் இலவசப் பள்ளிகளைத் திறந்தார். ஊர்ப்பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பினர். எச்சமயத்தவரும் எச்சாதியாரும் சேரலாம். கிறிஸ்தவ வேதமும் அங்கே படிக்கப்பட்டது. எனினும் சமயம் மாறுவது சேர்க்கைக்கு நிபந்தனை அன்று. பதினைந்து தமிழ்ப் பள்ளிகளிலும் ஐந்து ஆங்கிலப் பள்ளிகளிலும் இரண்டு ஆண்டுகள் கண்ட பயனை அவர் ஒரு நூலாக எழுதி அனுப்பினார். அது இலண்டனில் 1813 இல் அச்சாயிற்று. அதே ஆண்டில் அவர் இறந்தார்.

ஓலையைச் சுமந்து மாலையில் வீடு சேரும் சிறுவன், அன்று படித்ததை உரக்கப் படித்தால், பாட்டியும் கேட்பாள், தங்கையும் கேட்பாள். அதுவரை இலவசச் சோறு செய்யாததை அந்த ஓலை செய்தது.

அடுத்த ஆண்டு ரேனியுஸ், ஷ்னாரே என்னும் இரண்டு ஜெர்மானியர், இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் சங்கத்தால் அனுப்பப்பட்டுச் சென்னை வழியாகத் தரங்கம்பாடிக்கு வந்தனர். யோவானின் பள்ளிகளை மேற்பார்க்க ஷ்னாரே அங்கேயே தங்கினார். ரேனியுஸ் சென்னைக்குத் திரும்பி, 1820 இல் பாளையங்கோட்டைக்குப் போனார். அங்கே ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். அவற்றுக்கு வேண்டிய ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு கல்விச்சாலையும் அமைத்தார்.