கரிசலில் தங்கிய காவேரி

பிறந்த மண்ணை விட்டு வருகிறவன் எதையெல்லாம் கையோடு கொண்டு வரமுடியும்? வீடும் நிலமும் வராது. ஆறு வரவே வராது. ஆனால் பாட்டு வரும். அதற்குச் சுமைகூலிகூடக் கிடையாது.

எட்டயபுரத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் எழும். கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். பெயரைச் சொன்னதும் பாரதியார்தான் நினைவுக்கு வருவார். நியாயந்தான். ஆனால் 1882-இல் அவர் அங்கே பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஒரு சங்கீதக் குடும்பம் அவ்வூருக்குக் குடிவந்துவிட்டது.

திருவாரூர் ராமஸ்வாமி தீக்ஷிதரின் பிள்ளைகளில் ஒருவர் பாலுஸ்வாமி தீக்ஷிதர். சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று, அந்த வாத்தியத்தை நம் சங்கீதத்துக்கு வசப்படுத்தியவர். அவர் எட்டயபுரம் சம்ஸ்தான வித்வானாக வந்து சேர்ந்தார். வளர்ந்ததோ காவேரி பாயும் சீமை. வந்ததோ பருத்தியும் கம்பும் விளையும் வானம் பார்த்த கரிசல்.

தமையனார் முத்துஸ்வாமி தீக்ஷிதர் தம்பியைத் தேடி வந்தார். வழியில் சாத்தூர்ப் பக்கம் வறட்சியைக் கண்டு மனமுருகி அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாட, மழை கொட்டிற்றாம். நம்புவதும் நம்பாததும் வாசகர்கள் இஷ்டம். ஆறில்லாத பூமியைக் கண்ட காவேரிக்காரரின் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அந்தக் கதை சரியாகவே சொல்கிறது. 1835-இல் அவர் எட்டயபுரத்திலேயே காலமானார். சமாதியும் அங்கேதான்.

அவர்களை ஆதரித்த ஜமீன்தார்களும் ஒரு காலத்தில் ஆந்திர தேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சத்தினரே. வந்தவனின் ஏக்கம் வந்தவனுக்குத்தானே புரியும்?

பாலுஸ்வாமி தீக்ஷிதர் தம் மகள் வயிற்றுப் பேரனான சுப்பராம தீக்ஷிதரை ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டார். குடும்பத்தின் கிருதிகளும் ராக லட்சணங்களும் அவரிடம் வந்து சேர்ந்தன. வேற்றூரில் வாழ்கிறவர்கள் பூர்வீகச் சொத்தை என்ன செய்வார்கள்? பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். வித்தையைப் பூட்டி வைப்பது அக்காலத்து வழக்கமுங்கூட. நகை பூட்டிய பெட்டியிலும் நகையாகவே இருக்கும். பாட்டு அப்படியல்ல, பாடுகிறவனோடு அதுவும் போய்விடும்.

இந்த அபாயத்தை உணர்ந்த ஒருவர் சென்னையில் இருந்தார். அரசாங்க உத்தியோகம் பார்த்த சின்னசாமி முதலியார், மதத்தால் கிறிஸ்தவர். 1893-இல் நம் கிருதிகளை ஐரோப்பிய ஸ்வரக் குறியீட்டில் அச்சிட்டவர். கண்பார்வை போய்க்கொண்டிருந்த நிலையில் 1899-இல் அவர் எட்டயபுரத்துக்கு வந்து, தீக்ஷிதரிடம் இருப்பதை அச்சேற்ற வேண்டுமென்று ராஜாவிடம் மன்றாடினார். தம் கண் மூடுமுன் இந்தச் செல்வம் ஊர்க்கண்ணில் பட வேண்டுமென்ற தவிப்பு!

பெட்டி திறந்தது. 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ எட்டயபுரம் வித்யா விலாஸினி அச்சுக்கூடத்திலிருந்து தெலுங்கு லிபியில் வெளிவந்தது. சுமார் 1,700 பக்கங்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிகள் மட்டும் 200-க்கு மேல். எந்த ஸ்வரத்தை எப்படி அசைக்க வேண்டும் என்பதற்குக்கூட அதில் தனித்தனி அடையாளங்கள் உண்டு. இரண்டே ஆண்டுகளில், 1906-இல், சுப்பராம தீக்ஷிதர் மறைந்தார். பாரதியார் இரங்கற்பா பாடினார். சற்றே தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே எனக்குப் பயமாயிருக்கிறது.

1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி அந்நூலைத் தமிழ் லிபியில் பகுதி பகுதியாக வெளியிட்டது. இன்றைக்கும் ஒரு ராகத்தின் பழைய உருவம் எது என்று வித்வான்களுக்குள் வாக்குவாதம் வந்தால் அதைத்தான் புரட்டுகிறார்கள். திருவாரூர்ப் பாட்டைத் தேடிக்கொண்டு எட்டயபுரத்துப் புத்தகத்துக்கு வர வேண்டியிருக்கிறது!

இதில் வியப்பு எதற்கு என்று கரிசல் சம்சாரி கேட்பார். ஒரு மழை பெய்தால் போதும். மேலே காய்ந்து வெடித்தாலும் அடியில் அந்த ஈரத்தை வெகுநாள் விடாமல் வைத்திருக்கும் மண் அல்லவா அது?