ஓடும் மெஷினைப் பார்க்கப் போன ஊர்கள்

தமிழ்நாட்டுச் சிற்றூர் அச்சகங்களில் ஹைடல்பர்க் மெஷினை அறியாதவர் குறைவு. இரண்டு கிரிப்பர் கைகள் காற்றாடி போலச் சுழலும். ஒன்று வெள்ளைத்தாளைக் கவ்விக்கொண்டு உள்ளே போகும். மற்றது அச்சேறிய தாளைக் கொண்டுவந்து இறக்கும். கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்துத் தள்ளிய அந்த மெஷின், ஆஃப்செட் வந்த பிறகும் மூலைக்குப் போகவில்லை. நம்பரிங், கிரீசிங், டை கட்டிங் என்று வேறு வேலைக்கு மாறிக்கொண்டது. அதன் முன்னோடியை உலகம் முதன்முதலில் பார்த்தது 1914இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் நடந்த ஒரு கண்காட்சியில்.

‘புக்ரா’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தக் கண்காட்சி அவ்வாண்டு மே 6ஆம் தேதி திறந்தது. புத்தகத் தொழிலுக்கும் வரைகலைக்கும் என்றே நடந்த உலகக் கண்காட்சி அது. முன்நின்று நடத்தியது ஜெர்மன் புத்தகத் தொழில் சங்கம். அதன் தலைவர் லுட்விக் ஃபோல்க்மான். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். பிரான்ஸ், இங்கிலாந்து, ரஷ்யா ஆகியவை தனித்தனி மாளிகை எழுப்பித் தம் அச்சுக்கலையைக் காட்டின. கொலோன் நகர அச்சகக்காரர் கார்ல் கில்கே கண்டுபிடித்த சுழல்கை அமைப்போடு ஹைடல்பர்க் கம்பெனி கொண்டுவந்த மெஷினும் அங்கே நின்றது. ஆகஸ்ட் மாதம் உலகப்போர் மூண்டது. ஒரே வீதியில் மாளிகை கட்டியிருந்த நாடுகள் ஒன்றையொன்று சுடத் தொடங்கின. அந்த மெஷின் பெருமளவில் உற்பத்தியாக 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு பெரிய காரியம் லைப்சிக்கில் நடந்ததற்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சங்க வாழ்க்கை இருக்கிறது. ஜெர்மன் புத்தக வணிகர்கள் 1825இலேயே அங்கே சங்கம் அமைத்துவிட்டார்கள். அடுத்து எழுந்தவர்கள் அச்சுக்கோப்பவர்கள். கோத்த ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்பதுதான் அவர்கள் கூலிக் கணக்கு. ஆயிரத்துக்கு மூன்று குரோஷன் காசு வேண்டும் என்று 1865இல் லைப்சிக் அச்சகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு ஆண்டே நாடு தழுவிய தொழிலாளர் சங்கம் அங்கே உருவானது. முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1869இல், அச்சுக்கலையின் முன்னோடி குட்டன்பெர்க் பிறந்த மைன்ஸ் நகரில் கூடித் தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் மேலான பகுதி. எதிரெதிராக நின்ற இரு சங்கங்களும் 1873இல் ஒரே மேசைக்கு வந்து, நாடு முழுமைக்குமான கூலி ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜெர்மனியில் எந்தத் தொழிலிலும் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை. தொழிலாளிக்குக் கூலி உறுதியானது. முதலாளிக்கும் அதில் ஆதாயம் உண்டு. அடுத்த தெரு அச்சகம் ஆளுக்குக் குறைத்துக் கொடுத்து, ரேட்டை அடித்து, தன் வாடிக்கையாளரைப் பிடித்துக்கொண்டு போகிறதே என்ற கவலைக்கு ஒரு வரம்பு கிடைத்தது. ரேட் போட்டியில் இன்றும் நொந்துகொண்டிருக்கும் நம் அச்சகக்காரர்களுக்கு அந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் பலமுறை முறிந்தது, பலமுறை திருத்தப்பட்டது. ஆனாலும் உட்கார்ந்து பேசும் பழக்கம் நிலைத்துவிட்டது. போட்டியாளர்கள் ஒரே கூரையின் கீழ் கடை விரித்த 1914க்கு அந்தப் பழக்கம்தான் அடித்தளம்.

அந்த லைப்சிக் ஓர் இரவில் எரிந்தது. 1943 டிசம்பர் 4ஆம் தேதி விழுந்த குண்டுகளில் பதிப்பகங்களும் அச்சகங்களும் நெருங்கியிருந்த வட்டாரம் தரைமட்டமானது. கோடிக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாயின. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நகரத்தைப் பிடித்தது. ஜூலையில் அது சோவியத் கைக்குப் போவதாக ஏற்பாடு. இடைப்பட்ட ஜூன் மாதத்தில் பிராக்ஹவுஸ் போன்ற பெயர்பெற்ற பதிப்பகங்களின் ஆட்களை அமெரிக்கர்கள் மேற்கே வீஸ்பாடன் நகருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். புத்தகக்காரர்கள் இடம் மாறினார்கள். மெஷின்காரர்களுக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது.

அந்த ஊர் ரைன் நதிக்கரையின் டுசெல்டார்ஃப். ஜெர்மன் மொழியில் அச்சையும் தாளையும் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ட்ரூபா’ என்று பெயர் வைத்து, 1951 மே கடைசியில் முதல் கண்காட்சியைத் திறந்தார்கள். 10 நாடுகளிலிருந்து 527 நிறுவனங்கள். 16 நாள் நடந்தது. அதைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் ஹைடல்பர்க் கம்பெனித் தலைவர் ஹூபர்ட் ஸ்டெர்ன்பெர்க். சிறு அச்சகக்காரரின் மனம் அறிந்தவர் அவர். 1920களில் மெஷினை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டிக்காட்டி, தவணைக்கும் விற்றவர். வண்டி போய் அச்சகக்காரரைப் பார்த்தது அந்தக் காலம். இப்போது அச்சகக்காரர் டுசெல்டார்ஃப் போக வேண்டும். மற்றபடி விஷயம் ஒன்றுதான்: மெஷின் ஓட வேண்டும். பளபளப்பான விவரப் புத்தகத்தை நம்பி எந்த அச்சகக்காரரும் கடன் வாங்க மாட்டார். கண்ணெதிரே ஓடி விழுந்த தாளை, ஈரம் காயுமுன் எடுத்து, லென்ஸ் வைத்துப் புள்ளிகளைப் பார்த்து, நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுவார். அதன் பிறகே விலை பேச்சு.

மூன்று முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ட்ரூபாவை வைத்தே தொழிலின் வயதைக் கணக்கிடலாம். முதல் கண்காட்சிக் காலத்தில் ஈய எழுத்தே ராஜா. அடுத்த கண்காட்சிகளில் ஆஃப்செட் மேலே ஏறியது. 1995இல் கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட் போடும் முறை பெரும் பேச்சானது. ஃபிலிம் எடுத்து, ஒட்டி, பிளேட் போட்டுப் பிழைத்த ஒரு கூட்டத்தின் கைத்திறனுக்கு அன்றே நாள் குறிக்கப்பட்டது. 2000இல் கூட்டம் 4 லட்சத்தைத் தாண்டியது. 2012இல் கண்டுபிடிப்பாளர் பென்னி லாண்டா புதுவகை மையில் ஓடும் மெஷினைக் காட்டியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. அது விற்பனைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. காட்டுவதும் கொடுப்பதும் வேறு என்பதை அன்று முன்பணம் கட்டியவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

கண்காட்சியின் உயிர் மெஷின் கம்பெனிகள் கையில்தான் என்பதை இங்கிலாந்துக்காரர்கள் கசப்போடு கண்டார்கள். ஒரு காலத்தில் ட்ரூபாவுக்கு நிகராக நின்றது அவர்களுடைய ‘ஐபெக்ஸ்’. 1993இல் பர்மிங்காமில் டிஜிட்டல் கலர் அச்சை உலகுக்குக் காட்டியதே அதுதான். 2014 ஐபெக்ஸிலிருந்து பெரிய மெஷின் கம்பெனிகள் பல பின்வாங்கின. 2017க்குப் பிறகு ஐபெக்ஸ் நடக்கவில்லை.

நம் பக்கத்திலும் சங்கங்கள் வேர்விட்டன. அகில இந்திய மாஸ்டர் பிரிண்டர்ஸ் கூட்டமைப்பு 1953இல் பிறந்தது. பின்னாளில் ‘பாமெக்ஸ்’ என்று சொந்தக் கண்காட்சியும் நடத்தியது. சிவகாசிக்கும் சென்னைக்கும் தனிச் சங்கங்கள் உண்டு. 2012 ட்ரூபாவில் ஜெர்மானியருக்கு அடுத்தபடி அதிகமாக வந்தவர்கள் இந்தியர்கள்தான், ஏறத்தாழ 15,000 பேர். வந்தவர்கள் எல்லோரும் புது மெஷின் வாங்குகிறவர்கள் அல்லர். ஐரோப்பாவில் ஓடிக் களைத்த மெஷினைக் குறைந்த விலைக்கு வாங்கி, இங்கே கொண்டுவந்து இன்னொரு ஆயுள் ஓட்டுவது சிவகாசியின் நெடுநாள் வழக்கம்.

கொரோனாவால் 2020 ட்ரூபா தள்ளிப்போய், நேரில் நடக்காமலே முடிந்தது. 2024இல் மீண்டும் திறந்தபோது வந்தவர்கள் சுமார் 1,70,000 பேர். கதை தொடங்கிய லைப்சிக்கிலோ, ஜெர்மனி மீண்டும் ஒன்றான பிறகு, 1994இல் ஒரு பழைய அச்சகக் கட்டடத்தில் அச்சுக்கலை அருங்காட்சியகம் அமைந்தது. அங்கே மெஷின்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டவில்லை. எண்ணெய் போட்டு, மை தடவி, வந்தவர்கள் எதிரில் ஓட்டிக் காட்டினார்கள்.