உதைக்கும் ஒரு வருடம்

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் பத்திரப் பெட்டியைத் திறந்தால், 1956-க்கு முந்தைய தாள்களில் கொல்லம் ஆண்டுதான் கண்ணில் படும். திருவிதாங்கூர் ஆட்சியின் எழுத்து வேலைகள் அந்தக் கணக்கில்தான் நடந்தன. அதை ஆங்கில ஆண்டாக்க ஊரறிந்த சுருக்குவழி ஒன்று உண்டு: 825-ஐக் கூட்டுவது. வில்லங்கம் அங்கேதான்.

கொல்லம் முதலாண்டு கி.பி. 825-இல் தொடங்கியது. திருவிதாங்கூரில் அந்த ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆங்கில ஆண்டு பிறப்பதோ ஜனவரியில். எனவே ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்ட வேண்டும். கணினியில் வேலை நேரத்தைக் குறித்து வைப்பவர், நள்ளிரவைத் தாண்டிய வேலைக்குத் தேதி போட மறந்தால் மொத்தக் கணக்கும் கோணிப்போகுமே, அதே கதை.

சுசீந்திரம் உள்ளிட்ட கோயில்களின் கதவை எல்லோருக்கும் திறந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தின் தேதி கொல்லம் 1112 துலாம் 27. துலாம் நமக்கு ஐப்பசி. 825-ஐக் கூட்டினால் 1937 வரும். பிரகடனம் வெளியானதோ 1936 நவம்பர் 12! திருவிதாங்கூர் டச்சுக்காரரை வென்ற குளச்சல் போர் கொல்லம் 916 ஆடியில் நடந்தது. அதற்கு 825-ஐக் கூட்டினால்தான் 1741 கிடைக்கும்.

குளச்சலில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. போர் நடந்த நாளைச் சில நூல்கள் ஜூலை 31 என்கின்றன, சில ஆகஸ்ட் 10 என்கின்றன. இதற்கு நாட்காட்டி காரணமாக இருக்கலாம்: ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தார்கள். அது 11 நாள் பின்தங்கியது. ஆனால் ஜூலை 31-உடன் 11 நாளைக் கூட்டினால் ஆகஸ்ட் 11 அல்லவா வருகிறது? ஒரு நாள் இன்னும் உதைக்கிறது.

கல்வெட்டு வெட்டியவர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். திருவிதாங்கூரின் முன்னோடியான வேணாட்டின் கல்வெட்டுகள் பலவற்றில் கொல்லம் ஆண்டோடு வியாழன் நின்ற ராசி, மாதம், கிழமை, நட்சத்திரம் எல்லாம் வரிசையாக வரும். வியாழன் ஒரு ராசியில் ஏறக்குறைய ஓராண்டு தங்கி, 12 ஆண்டில் ஒரு சுற்று வரும். ஆண்டு எண் சிதைந்த கல்லிலும் வியாழன் காட்டிக்கொடுத்துவிடும். ‘மனோன்மணீயம்’ பெ. சுந்தரம் பிள்ளை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வேணாட்டு அரசர்களின் காலத்தை இத்தகைய கல்வெட்டுகளைக் கொண்டே நிறுவினார். கொல்லம் 410, அதாவது கி.பி. 1235-ஐச் சேர்ந்த மணலிக்கரைக் கல்வெட்டும் அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று.

பாண்டியர் கல்வெட்டுகளில் பொறி வேறு வகை. ‘இரண்டாவதின் எதிர் ஐந்தாவது’ என்றிருந்தால் அது ஆட்சியின் ஏழாம் ஆண்டு. முதல் எண்ணை மட்டும் படித்தவர் ஐந்து வருடத்தைத் தொலைத்தார்.

வீட்டில் பழைய ஓலையோ பாட்டச் சீட்டோ இருந்தால் ஆண்டுக்கு முன்னால் மாதத்தைப் படியுங்கள். மாதம் அழிந்திருந்தால் எந்தப் பூ, அதாவது எந்தப் போக நெல், என்று தேடுங்கள். கும்பப்பூ அறுவடை மாசியை ஒட்டியது, 825-ஐக் கூட்டலாம். கன்னிப்பூ என்றால் பெரும்பாலும் 824.