தொலைவிலிருந்து வரும் சம்பளம்: புதுச்சேரியில் வாழ்வும் வேலையும்

ஒருவர் தாம் வசிக்கும் ஊரில் இருந்தபடியே வேறோர் ஊரில் உள்ள அலுவலகத்துக்காக உழைப்பதைத் தொலைநிலைப் பணி என்கிறோம். 2020-ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்குக்குப் பிறகே இந்தச் சொல் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், கடலோர ஊர் ஒன்றில் அமைதியாக வாழ்ந்துகொண்டே பெருநகரச் சம்பளம் வாங்கலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டாயிற்று. அப்படி நினைப்பவர்கள் நாடும் ஊர்களில் புதுச்சேரியும் ஒன்று.

ஆனால் புதுச்சேரிக்கு இந்த வாழ்க்கை முறை புதிதல்ல. ஏறத்தாழ 350 ஆண்டுகளாக இவ்வூரில் ஒரு பகுதியினர் இங்கே வசித்துக்கொண்டு தொலைவில் உள்ள ஒரு தலைமைக்காக உழைத்து, அங்கிருந்து வரும் பணத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். காலந்தோறும் கப்பல், தபால், ஓய்வூதியம், இணையம் என்று இணைப்பு மாறியது. அந்த இணைப்பு யார் கையில் இருந்ததோ அவரே இவ்வூர் வாழ்வை நிர்ணயித்தார். இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறது.

ஊர் அமைந்த விதம்

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664-இல் தொடங்கப்பட்டது. பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் புதுச்சேரியில் அதன் குடியிருப்பை நிறுவினார். 1693-இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் 1699-இல் திருப்பிக் கொடுத்தனர். இன்று நாம் காணும் நேர்க்கோட்டுத் தெருக்களின் திட்டம் டச்சுக்காரர் காலத்தில் தொடங்கியது.

பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரித்தது. கடல் பக்கம் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி. கடல் பக்கத்து வீடுகளுக்கு உயர்ந்த மதிலும் பெரிய வாசல் கதவும் இருந்தன. தமிழர் வீடுகளில் தெருவை ஒட்டித் திண்ணையும் தூண்கள் தாங்கிய தாழ்வாரமும் இருந்தன. ஒரு வீட்டின் வாழ்வு மதிலுக்குள்ளும் மற்றதன் வாழ்வு தெருவை நோக்கியும் அமைந்ததை இன்றும் காணலாம்.

புதுச்சேரியில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் கடிதப் பைகளும் சலங்கு எனப்படும் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேரவேண்டும்.

கப்பலில் வந்த கட்டளை

கம்பெனியின் இயக்குநர்கள் பாரிசில் இருந்தனர். அதன் கப்பல்கள் பிரான்சின் லொரியான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இங்கு வந்து சேர ஆறு முதல் எட்டு மாதங்கள் ஆகும். பருவக்காற்றை அனுசரித்தே பயணம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயலுக்கு அஞ்சிக் கப்பல்கள் இந்தக் கரையில் நிற்பதில்லை. ஆகவே புதுச்சேரியிலிருந்து ஒரு கேள்வி எழுதினால் அதன் பதில் வர ஒன்றரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம்.

இந்தத் தாமதம் ஆளுநருக்கு ஒரு வகையில் சுதந்திரம் தந்தது. 1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்த துய்ப்ளெக்ஸ் பாரிசின் ஒப்புதலுக்குக் காத்திராமல் பல முடிவுகளை எடுத்தார். ஆனால் அதே தாமதம் அவருக்கு எதிராகவும் திரும்பியது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தனர். 1748 அக்டோபரில் ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கை சென்னையை ஆங்கிலேயருக்கே திருப்பித் தரச் சொன்னது. இங்கே போரிட்டவர்களைக் கேட்டு எடுத்த முடிவன்று அது. 1749-இல் சென்னை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது.

துய்ப்ளெக்சின் வேலையும் அப்படியே போயிற்று. இயக்குநர்களுக்கு வேண்டியது வணிக இலாபம். அவர் நடத்தியதோ போரும் அரசியலும். அவரைத் திரும்ப அழைக்கும் முடிவு பாரிசில் எடுக்கப்பட்டு, 1754 ஆகஸ்டில் கொதே என்பவர் கப்பலில் வந்து இறங்கிப் பொறுப்பை ஏற்றார். கம்பெனிக்காகச் செலவிட்டதாகத் தாம் கோரிய பெருந்தொகை கிடைக்காமலே துய்ப்ளெக்ஸ் 1763-இல் பாரிசில் இறந்தார்.

துபாஷியின் நிலை

ஆளுநருக்கும் ஊருக்கும் இடையே நின்றவர் துபாஷி. இரு மொழி அறிந்தவர் என்பது இச்சொல்லின் பொருள். ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) துய்ப்ளெக்சின் தலைமைத் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு அக்காலப் புதுச்சேரியை அறிய நமக்குள்ள மிகப் பெரிய சான்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வந்துள்ளது. கப்பல் வந்த செய்தி, கொடியேற்றம், பீரங்கி மரியாதை, கடிதத்தில் இருந்த சங்கதி ஆகியவை அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு பாய்மரம் கண்ணில் பட்டதும் ஊரே அதைப் பற்றிப் பேசியதில் வியப்பில்லை. யார் பதவி நிலைக்கும், எந்தச் சரக்குக்குக் கேட்பு வரும் என்பதெல்லாம் அந்தக் கப்பலில் இருந்தன.

பிள்ளை பாரிசைக் கண்டதே இல்லை. ஆயினும் அவர் உயர்வும் தாழ்வும் அங்கே எடுக்கப்பட்ட முடிவுகளைச் சார்ந்திருந்தன. துய்ப்ளெக்ஸ் போனபின் அவருடைய செல்வாக்கு சரிந்தது.

அவர் 1761 ஜனவரி 12-இல் மறைந்தார். அப்போது ஆங்கிலேயப் படை ஊரை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே உணவு இல்லை. எதிர்பார்த்த பிரெஞ்சுக் கப்பற்படை கடைசிவரை வரவில்லை. நான்கு நாள் கழித்து, ஜனவரி 16-இல், தளபதி லாலி சரணடைந்தார். கோட்டையும் வெள்ளையர் பகுதியும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1763-இன் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஊர் 1765-இல் திரும்பக் கிடைத்தது. இன்று வெள்ளையர் பகுதியில் நாம் வியந்து பார்க்கும் கட்டடங்கள் பெரும்பாலும் அதன் பிறகு எழுந்தவை.

தபாலை நம்பிய எழுத்தாளர்

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. கடிதம் வரும் காலம் மாதங்களிலிருந்து வாரங்களாகவும் நாட்களாகவும் சுருங்கியது. இந்த விரைவான தபால் வந்த பின்னரே சுப்பிரமணிய பாரதி 1908-இல் புதுச்சேரிக்கு வந்தார்.

அவர் நடத்திய ‘இந்தியா’ வார இதழ் சென்னையில் அரசின் அடக்குமுறைக்கு ஆளானது. பிரெஞ்சு எல்லைக்குள் ஆங்கிலேயச் சட்டம் செல்லாது என்பதால் இதழ் புதுச்சேரிக்கு இடம் பெயர்ந்தது. எழுதுவதும் அச்சிடுவதும் இங்கே. வாசகர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில். இன்றைய சொல்லில் கூறினால் இது தொலைநிலைப் பணியே.

ஆங்கிலேய அரசு பாரதியைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் இதழ் தன் எல்லைக்குள் நுழைவதைத் தடுத்தது. வாசகரை எட்ட முடியாத இதழ் 1910-இல் நின்றது. கைது செய்யாமலே ஒருவரின் வேலையை நிறுத்த முடியும் என்பதற்கு இது தெளிவான சான்று. வருமானம் இன்றி அவர் குடும்பம் பட்ட வறுமை யாவரும் அறிந்தது. பிற்பாடு அவர் புதுச்சேரியிலிருந்தே சென்னைச் ‘சுதேசமித்திர’னுக்கு எழுதி அனுப்பினார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு ஆகியவை இந்த ஊரில் பிறந்தவை. 1918 நவம்பரில் அவர் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் கைது செய்யப்பட்டார்.

சைகோன் சம்பளமும் சொல்தாவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸ் இந்தோசீனத்தைக் கைப்பற்றியது. புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் சைகோனுக்குச் சென்று எழுத்தர், காவலர், வரி அலுவலர் ஆகிய வேலைகளில் சேர்ந்தனர். 1881-இன் ஆணை, தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்களுக்கு வழி செய்தது. அவ்வாறு ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டனர். பிரெஞ்சுக் குடியுரிமையைக் காட்டி ஐரோப்பியருக்கு இணையான பணி உரிமைகளையும் அவர்கள் கேட்டனர்.

இங்கே வேலை செய்பவர் வெளியூர் போனார். குடும்பம் புதுச்சேரியில் இருந்தது. சம்பளம் கடல் கடந்து வந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவர்களைப் புதுச்சேரித் தமிழில் ‘சொல்தா’ என்பார்கள். படைவீரன் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் தமிழ் ஒலிப்பு அது.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு முழுமை பெற்றது. அப்போது எந்தக் குடியுரிமை வேண்டும் என்று தேர்ந்துகொள்ள ஆறு மாதக் கால அவகாசம் தரப்பட்டது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் இன்றும் இங்கு வாழ்கின்றனர். ஓய்வுபெற்ற படைவீரரின் ஓய்வூதியம் பிரான்சிலிருந்து வருகிறது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் ஒருவர் உள்ளூர்க் கூலியிலும் மற்றவர் வெளிநாட்டு ஓய்வூதியத்திலும் வாழும் நிலை இங்கே நெடுநாள் பழக்கம்.

எட்டு மணி நேரம்

தொலைவிலிருந்து பணம் வந்தவர்களை மட்டும் பேசினால் வரலாறு முழுமையாகாது. தொலைவிலுள்ள சந்தைக்காக உள்ளூரிலேயே உழைத்தவர்களும் உண்டு. புதுச்சேரியில் நெய்து நீலம் தோய்த்த துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூற்பு, நெசவு ஆலைகள் எழுந்தன. அவற்றின் தொழிலாளர்கள் நீண்ட நேரம், குறைந்த கூலிக்கு உழைத்தனர்.

1936 ஜூலை 30-இல், வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிரிழந்தனர். போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் வ. சுப்பையா. அப்போது பிரான்சில் மக்கள் முன்னணி அரசு இருந்தது. இங்கே சிந்திய இரத்தம் பாரிசில் கேள்வியாயிற்று. 1937-இல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின. தொலைவில் உள்ள தலைமையும் செவிசாய்க்கும். ஆனால் உழைப்பவர்கள் ஒன்றுசேர்ந்து நின்றபோதுதான் செவிசாய்த்தது.

இன்றைய நிலை

இன்று கடிதம் நொடியில் போய்ச் சேர்கிறது. ஆயினும் தொலைவு முற்றிலும் மறையவில்லை. பாரிசில் குளிர்காலக் காலை 9 மணி என்றால் புதுச்சேரியில் பிற்பகல் 1.30. அங்குள்ள அலுவலகம் மாலை 6-க்கு மூடும்போது இங்கே இரவு 10.30. அமெரிக்க நிறுவனத்துக்கு உழைப்பவரின் இரவு இன்னும் நீளும். எட்டு மணி நேரத்துக்காக உயிர் கொடுத்த ஊரில், வீட்டு அறைக்குள் தனியாக உட்கார்ந்து உழைப்பவரின் வேலை நேரத்தை எண்ணுவார் யார் என்ற கேள்வி எழுகிறது. ஆலைத் தொழிலாளர்கள் ஒரே வாசலில் கூடினார்கள். இவர்களுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை.

இயற்கையும் பழையபடியே இருக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் இப்பகுதியில் கரை கடந்தன. மின்சாரம் போனால் இணையமும் போகும். சலங்குப் படகு கரை சேராத நாளைப் போன்றதுதான் அதுவும்.

அடுத்தது வீடு. வெள்ளையர் பகுதியில் பல பழைய வீடுகள் இன்று விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியுள்ளன. பெருநகர அல்லது வெளிநாட்டுச் சம்பளம் வாங்குபவர் கொடுக்கக்கூடிய வாடகையை உள்ளூர் ஆசிரியரோ கடைப் பணியாளரோ கொடுக்க முடியாது. தமிழர் பகுதியிலும் திண்ணை வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு: வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளும் தாழ்வாரங்களும் சீரமைக்கப்பட்டன, அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. குடும்பங்கள் வாழும் தெருவாகவே ஒரு பழைய தெருவைக் காக்க முடியும் என்று அது காட்டியது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

ஒரு பழைய கடலோர நகரத்தைப் படிக்கும்போது அதன் கட்டட அழகோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கவேண்டும். இங்கே செலவாகும் பணம் எங்கிருந்து வருகிறது? அந்தப் பணத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது? பணம் வராத வீட்டுக்காரர் அதே தெருவில் தொடர்ந்து வாழ முடிகிறதா?

துய்ப்ளெக்சுக்கும் பாரதிக்கும் சொல்தாவுக்கும் இக்கேள்விகளின் பதில்கள் வேறு வேறு. இன்று புதுச்சேரிக்கு மடிக்கணினியோடு வந்து குடியேறுபவரும் இந்த வரிசையில் சேர்கிறார். அவரிடம் வாடகை பெறும் வீட்டுக்காரரும் அந்த வாடகையால் வீடு கிடைக்காமல் ஊருக்கு வெளியே குடிபெயர்பவரும் இந்த வரலாற்றின் பகுதியே. வேலைக்கு வருபவர் இந்த ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு வந்தால், தம் அயலாரை அறிந்து வாழ அது முதல் படியாகும்.