சுற்றமும் கூடாரமும்

மனநோயுற்றோரை எங்கே குடியிருத்துவது, யார் துணையிருப்பது என்னும் வினா நம் நாட்டுக்குப் புதிதன்று. 1858-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் இதற்கென ஒரு சட்டம் இயற்றினர். மனநோய் விடுதியை அச்சட்டம் 'அசைலம்' என்றது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அச்சொல்லைப் 'புகலிடம்' என்றே தமிழாக்குவோம். ஆனால் நடைமுறையில் எழுந்தவை உயர்ந்த மதிலும் பூட்டிய கதவுமே. உள்ளே சென்றோரிற் பலரை உறவினர் மறந்தனர். குணமடைந்த பின்னும் செல்வதற்கு வீடின்றி அங்கேயே முதுமை எய்தியோர் உண்டு.

இந்நிலை மாறத் தொடங்கிய இடங்களுள் ஒன்று அமிர்தசரஸ். நாட்டுப் பிரிவினைக்குப் பின், 1950-ஆம் ஆண்டில், லாகூர் மனநோய் மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் எல்லை கடந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் அமிர்தசரஸ் வந்தடைந்தனர். அங்கு இட நெருக்கடி மிகுந்தது. அக்காலத்தில் அம்மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் வித்யா சாகர், மதிலை உயர்த்த முற்படவில்லை. வளாகத்திலேயே கூடாரங்கள் அடிக்கச் செய்து, நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்க வைத்தார்.

பயன் யாது? தாயும் தமையனும் மனைவியும் சிகிச்சையை அருகிருந்து கண்டனர். நோயின் இயல்பை மருத்துவரிடமே கேட்டறிந்தனர். அச்சம் அகன்றது. நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினர். வீடும் அவர்களை ஏற்றது. நம் வேலூரிலும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ஆம் ஆண்டில் தொடங்கிய மனநல மையம், குடும்பத்தார் உடன் தங்கும் முறையையே கைக்கொண்டது.

எனினும் எல்லாச் சுமையையும் சுற்றத்தின் தலையில் ஏற்றிவிடுதல் முறையாகாது. உதவி கிட்டாத குடும்பம் களைத்துப்போகும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், உறவினர் கொண்டுவந்து விட்டுச் சென்ற நோயாளிகள் சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்தனர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அங்கொரு கொட்டகை தீப்பற்றியபோது, ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை விலக்கியது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் இருத்திவைத்தலாகாது என்றது. அத்தகையோர்க்கு இடைநிலை இல்லங்களும் குழு இல்லங்களும் உள்ளிட்ட ஆதரவை அளிப்பது அரசின் கடமை என்றும் விதித்தது.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது அயலார் செய்தியன்று. நோய் ஒரு வீட்டில் நுழையும் நாளில், அத்தையும் சிற்றப்பாவும் அடுத்த தெருவில் இரார். மருத்துவர் மொழியும் நமக்குத் தடையாகலாம். அந்நாளில் அவ்வீட்டின் கதவைத் தட்டி, மருத்துவமனைக்கு உடன் சென்று, ஓரிரவேனும் துணையிருக்கும் தமிழ் அண்டைவீட்டாரே அக்குடும்பத்துக்குச் சுற்றமாவர். அமிர்தசரசின் கூடாரம் துணியால் ஆனதே. உள்ளே உறவினர் இருந்தமையால் அது புகலிடமாயிற்று.