கோட்டை விட்ட வினைச்சொல்

1755இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் ஓரிடத்தில் கையை விரிக்கிறார். வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளையே மாற்றிவிடும் வழக்கம் அயல்மொழிக்காரர்களை மிகவும் திணறடிக்கிறது என்று சொல்லிவிட்டு, அவற்றில் சில இன்றைய பொருளுக்கு வந்த வழியை எவ்வளவு கூர்மதி இருந்தாலும் தடம்பிடிக்க முடியாது என்கிறார். ஜான்சனே சொன்னபின், நம் ஊர் ஆங்கில ஆசிரியர்கள் மனப்பாடம் செய்யச் சொல்வதில் வியப்பில்லை. 'கிவ் அப்' என்பதையே பாருங்கள். படை சரணடைவது, சிகரெட்டை நிறுத்துவது, பேருந்தில் முதியவருக்கு இடம் தருவது, விடுகதைக்கு விடை தெரியாமல் தோல்வியை ஒப்புக்கொள்வது, நோயாளி பிழைக்கமாட்டார் என்று நம்பிக்கை இழப்பது எல்லாம் அதுவே. 'கொடு'வையும் 'மேலே'யையும் கூட்டினால் இவற்றில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் இந்தச் சொல்லைப் பொறுத்தவரை தடம் அழியவில்லை. தன் பிடியில் இருந்ததை விடுவது என்ற ஒரே செயலிலிருந்துதான் இத்தனையும் கிளைத்திருக்கின்றன.

சான்று இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்திலிருந்து வருகிறது. 1116இல் அந்த மடம் தீக்கிரையானது. அதன்பின் துறவிகள் பழைய ஆண்டுக்குறிப்பு ஒன்றைப் புதிதாகப் படியெடுத்து, 1154 வரை தொடர்ந்து எழுதினார்கள். நார்மன் படையெடுப்புக்குப் பிறகு மற்ற இடங்களில் லத்தீன் கோலோச்சியபோதும் இவர்கள் தங்கள் பேச்சுமொழியை விடவில்லை; அந்தப் பிடிவாதத்துக்கு மொழி வரலாறு கடன்பட்டிருக்கிறது. ஸ்டீபன் மன்னர் காலத்து உள்நாட்டுப் போரைச் சொல்லும் பகுதியில் செஸ்டர் பிரபு ரானுல்ஃப் வருகிறார். அவரைச் சிறைபிடித்த மன்னர், கோட்டைகளை ஒப்படைக்கவேண்டும் என்று சத்தியம் வாங்கி விடுவிக்கிறார். வெளியே வந்தவர் சிலவற்றைக் கொடுத்தார், சிலவற்றைக் கொடுக்கவில்லை. அந்தக் கொடுத்தலுக்குத் துறவி எழுதியது, இன்றைய கிவ் அப்பின் பழைய வடிவம். பீட்டர்பரோ வட்டாரத்தில் ஸ்காண்டிநேவியர் குடியேறியிருந்தனர். அவர்கள் மொழியிலும் 'கெஃபா உப்' என்று இதே கூட்டு உண்டு.

அதற்கும் முன்னால் இந்தப் பொருள் இல்லையா என்றால், இருந்தது, உடைதான் வேறு. பழைய ஆங்கிலத்தில் ஒட்டு வினைக்கு முன்னால் நின்றது. 'ஆஃப்கியஃபன்' என்றால் விட்டு நீங்குதல். பேவுல்ஃப் காவியத்தில் மனிதவாழ்வின் இன்பத்தை விட்டு இறந்துபோவதற்கு அந்தச் சொல்தான் வருகிறது. முன்னொட்டுகள் தேய்ந்து மறைய, அவற்றின் வேலையைப் பின்னால் வந்த சின்னச் சொற்கள் எடுத்துக்கொண்டன. ஆகவே கோட்டையை விடுவதும் உயிரை விடுவதும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். பிறகு விடப்படும் பொருள் மட்டும் மாறிக்கொண்டே வந்தது: உயிர், பழக்கம், நம்பிக்கை. கடைசியில் அந்தப் பொருளும் உதிர்ந்து, எதை விடுகிறேன் என்று சொல்லாமலே 'விட்டேன்' என்று நின்றது. விடுகதையில் தோற்றவர் சொல்வது அதைத்தான்.

இதெல்லாம் கொச்சை வழக்கு, இதற்கு எதற்கு வரலாறு என்று கேட்கலாம். 1611இல் அச்சான அரசர் ஜேம்ஸ் விவிலியத்தில் இயேசு சிலுவையில் உயிர்விடும் இடத்தில் வருவதும் கிவ் அப்தான். அதைவிடக் கனமான இடம் அந்த நூலில் அதிகமில்லை. அடியில் ஒரே பொருள் இருந்தால் படிப்பவர்கள் ஏன் தடுமாறவேண்டும் என்ற கேள்விதான் கொஞ்சம் வலுவானது. மூலக் காட்சி மறைந்தபின் சொல் மட்டும் புழங்குவது எந்த மொழியிலும் நடப்பதே. 'தேர்வில் கோட்டை விட்டான்' என்று சொல்லும் நாம் எந்தக் கோட்டையை நினைக்கிறோம்? 'விட்டுக்கொடு' என்பதில் விடுவதும் கொடுப்பதும் இருந்தும், தம்பிக்கு விட்டுக்கொடுப்பது பெருந்தன்மையாகவும், நண்பனை விட்டுக்கொடுப்பது துரோகமாகவும் ஆகிறது. வெளியிலிருந்து வந்து தமிழ் படிப்பவர் இங்கே படும் பாடு, நாம் அங்கே படும் பாட்டுக்குக் குறைந்ததல்ல.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும். மேடை அறிவிப்பாளர்கள் கைதட்டல் கேட்கும்போது சொல்லும் 'கிவ் இட் அப்' இந்தக் கணக்கில் எளிதாக அடங்காது. கைதட்டலையும் பிடியிலிருந்து விடுவதாகக் கொள்ளலாம்தான்; அப்படி இழுத்துப் பிடிப்பதைவிட, அந்த ஒன்றில் ஜான்சன் சொன்னது சரி என்று விடுவது நேர்மை. இவ்வகை வினைகளுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் பயன்படுத்தியது 1925இல். பெயரைத் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிப் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி. பெயர் அச்சேறுமுன் அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.